இரண்டு சூரியோதயப் பயணம்



எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஓர் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று வினவினால் இரண்டு விதமான விடைகள் வரும். ஒன்று, “மூன்று கட்டை” என்பது. மைல் கல்லைக் கட்டை என்று சொல்லி, பின்னர் மைலுக்கே கட்டை என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நாம். மற்றது, “ஒரு சுருட்டு முடிவதற்குள் போய்விடலாம்” என்பது. முன்னது நிலத்தின் அளவு. பின்னது காலத்தின் அளவு. இவ்விரண்டையும் பிணைத்து ஒரே சொல்லாக்கிய மரபும் நம்மிடம் உண்டு. ஒரு நாழிகை, அதாவது இருபத்துநான்கு நிமிடம், நடந்து கடக்கக்கூடிய தூரத்தை நாழிகை வழி என்றனர் நம் முன்னோர். நடப்பவர் கிழவரா இளைஞரா என்ற கேள்வியை அச்சொல் கேட்பதில்லை.

தூரத்தைக் காலத்தால் அளந்தவர்கள் நாம் மட்டுமல்லர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி, நமது தீவைத் தப்ரபேன் என்ற பெயரால் விவரிக்கும்போது ஒரு சுவையான செய்தியைத் தருகிறார். முன்னர் கங்கைச் சமவெளி மக்களின் நாட்டிலிருந்து இத்தீவு இருபது நாட் கடற்பயணத் தொலைவில் உள்ளது என்று கணக்கிடப்பட்டதாம். அக்காலத்தில் நாணற் படகுகளே சென்றன. பிற்காலத்தில் உரோமரது கப்பல்களின் வேகத்தைக் கொண்டு மதிப்பிட்டபோது அத்தொலைவு ஏழு நாளாயிற்றாம். தீவு அசையவில்லை, கடலும் சுருங்கவில்லை. இருபது ஏழானது கப்பலால்.

இன்று நான் சொல்ல வந்தது இரண்டு விமானத் தளங்களுக்கிடையிலான தூரத்தின் கதை. ஒன்று நமது தென்மாகாணத்தில், காலிக்கு அருகே உள்ள கொக்கலை வாவி. மற்றது மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், சுவான் ஆற்றங்கரையிலுள்ள நெட்லண்ட்ஸ். சுவான் என்றால் அன்னம். அன்ன ஆற்றிலிருந்து கொக்கலைக்கு! கொக்கலையின் பெயருக்குள் கொக்கு இருப்பதாகத் தமிழ்க் காதுக்குத் தோன்றினாலும் அது வெறும் ஒலி ஒற்றுமையே என்க. சிலேடையில் மயங்குவது தமிழ் ஆசிரியர்களின் பழைய நோய்.

இலங்கையையும் விமானத்தையும் சேர்த்து நினைத்தால் நமக்குப் புட்பக விமானம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதை விடுத்து வரலாற்றுக்கு வருவோம். 1938ஆம் ஆண்டில் சிட்னியிலிருந்து இங்கிலாந்துக்குப் பறக்கும் படகில் செல்ல ஏறத்தாழப் பத்து நாட்கள் பிடித்தன. பறக்கும் படகு என்பது நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் விமானம். ஓடுபாதை அமைக்கும் செலவில்லை. அமைதியான நீர்ப்பரப்பு இருந்தால் போதும். இரவில் ஓய்வு, பகலில் பறப்பு என்று துறைமுகம் துறைமுகமாகத் தங்கித் தங்கிச் சென்ற அந்தப் பாதையின் முக்கிய கண்ணி சிங்கப்பூர். 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. கண்ணி அறுந்தது. அடுத்த மாதமே அந்தமான் தீவுகளும் அவர்கள் வசமாயின. பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் இருந்த வான்வழி இல்லாமற் போயிற்று.

அவ்வேளையில்தான் கொக்கலை வரலாற்றுக்குள் வருகிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்தக் கரையில் பிரித்தானிய விமானப்படை ஒரு தளம் அமைத்தது. கற்றலினா எனப்படும் இரட்டை இயந்திரப் பறக்கும் படகுகள் வாவியில் மிதந்தன. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி அங்கிருந்து ஒரு கற்றலினாவை ஓட்டிச் சென்ற கனடிய விமானி லியனாட் பேர்ச்சால், இலங்கைக்குத் தென்கிழக்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு வானொலியில் அறிவித்தார். அறிவித்துக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுடப்பட்டு வீழ்ந்தது. அவர் சிறைப்பட்டு, போர் முடியும்வரை கைதியாக இருந்தார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மீது குண்டுகள் விழுந்தன. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்தமையால் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுட் பல வெளியேறிவிட்டன. பேர்ச்சாலை இலங்கையின் இரட்சகர் என்று பின்னர் அழைத்தனர்.

அறுந்த கண்ணியைப் பொருத்துவதற்கு ஒரே வழி, ஜப்பானியர் கைப்பற்றிய தீவுகளுக்கு அப்பால், இந்து சமுத்திரத்தின் திறந்த வெளியைக் குறுக்கே கடப்பது. பேர்த்திலிருந்து கொக்கலைக்கு, நடுவில் எங்கும் இறங்காமல். எவ்வளவு தூரம்? 3,513 மைல். கிலோமீற்றரிற் சொன்னால் ஏறத்தாழ 5,650.

இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சில இடங்களில் இது 3,513 கடல் மைல் என்று எழுதப்பட்டிருக்கிறது. கடல் மைல் என்பது தரை மைலிலும் நீண்டது, 1.852 கிலோமீற்றர் கொண்டது. ஐயம் வரவே, இரண்டு இடங்களின் அகலக்கோடு நெடுங்கோடுகளை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பூமிப் பந்தின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி எது என்று அறிய, ஒரு தோடம்பழத்தில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி நூலொன்றை இழுத்துக் கட்டினால் போதும். நூல் கிடக்கும் கோடே விமானத்தின் நேர்வழி. அப்படிக் கணக்கிட்டால் கொக்கலைக்கும் பேர்த்துக்கும் இடையே வருவது 3,513 தரை மைல்தான். கடல் மைலில் அது 3,050 அளவே. தமிழ் ஆசிரியனுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பாட வேறுபாடு கண்டால் மூலத்தைத் தேடுவது எங்கள் தொழிற்பழக்கம்.

அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்திடம் ஐந்து கற்றலினாக்கள் ஒப்படைக்கப்பட்டன. 1943 ஜூன் இறுதியிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய சேவை, ஜூலை 10ஆந் திகதி முறைப்படி ஆரம்பமாயிற்று. பாதுகாப்புக்கு ஆயுதம் இல்லை. ஆயுதத்தின் எடைக்குப் பதிலாக எரிபொருள் ஏற்றப்பட்டது. கவசத் தகடுகள் முதலானவையும் கழற்றப்பட்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் கலன் எரிபொருளுக்கு இடம் செய்யப்பட்டது. மிகுந்த இடத்தில் ஏற்றக்கூடியது என்ன? ஆகக்கூடியது மூன்று பயணிகளும் 69 கிலோகிராம் தபாலும். அவ்வளவே. அரசாங்க ஆவணங்களும் போர்முனைக் கடிதங்களும் அந்தத் தபாற் பையில் இருந்தன. ஒரு சாக்கு அரிசியின் எடையிலும் சற்றே கூடிய அந்தக் காகிதத்துக்காக ஒரு சமுத்திரத்தைக் கடந்தார்கள்.

கற்றலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 125 மைல். கணக்கு எளிது: இருபத்தெட்டு மணித்தியாலம். ஆனால் ஆகாயத்தில் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை, ஏனெனில் காற்று என்றொன்று உண்டு. உதாரணத்துக்காகப் பாருங்கள். மணிக்கு இருபது மைல் வேகத்தில் எதிர்க்காற்று வழி முழுவதும் வீசினால் விமானம் முப்பத்துமூன்று மணித்தியாலத்துக்கு மேல் பறக்கும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் வந்துவிடும். ஒன்பது மணித்தியால வேறுபாடு! மணிக்கு 550 மைல் வேகத்திற் செல்லும் இக்கால ஜெட் விமானத்துக்கோ அந்தக் காற்றால் வரும் வேறுபாடு அரை மணிக்கும் குறைவு. மெதுவாகச் செல்பவனுக்குத்தான் காற்று எசமான். அந்தச் சேவையின் பயணங்கள் இருபத்தேழு மணித்தியாலத்திலிருந்து முப்பத்திரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வரை நீண்டதன் காரணம் இதுவே. அவற்றுள் மிக நீண்டதாகப் பதிவானது 32 மணித்தியாலமும் 9 நிமிடமும்.

இதிலே நேரத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஜப்பானிய விமானங்கள் உலவும் பகுதியை இருளிற் கடக்க வேண்டும். ஆகவே எப்போது போய்ச் சேர்வோம் என்பதைப் பார்த்துப் புறப்படும் நேரத்தை அமைக்கவில்லை. நடுவழியில் எங்கே இருட்ட வேண்டும் என்பதைப் பார்த்தே அமைத்தார்கள். இதன் விளைவாக, ஒரே பயணத்தில் பயணி இரண்டு தடவை சூரியன் உதிப்பதைக் காண்பான். அதனால் இச்சேவைக்கு “இரட்டைச் சூரியோதயம்” என்ற பெயர் வழங்கலாயிற்று. பயணத்தை முடித்தவருக்கு “இரட்டைச் சூரியோதயத்தின் இரகசியக் குழாம்” என்ற பொருள்படும் தலைப்புடன் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். முப்பது மணித்தியாலம் இயந்திர இரைச்சலில் அடைபட்டுக் கிடந்த மனிதனுக்கு ஒரு துண்டுக் காகிதம். ஆயினும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதை நம்ப முடிகிறது.

எதிரிக்கு இடம் தெரியாதிருக்க வானொலி மௌனம் காக்கப்பட்டது. கீழே தீவில்லை, வெளிச்சமில்லை. பின் எப்படி வழி கண்டார்கள்? நட்சத்திரங்களைக் கொண்டுதான். கோணமானியால் ஒரு விண்மீனின் உயரத்தை அளந்து, கடிகாரத்தையும் அட்டவணையையும் ஒப்புநோக்கி, தாம் நிற்கும் இடத்தைக் குறித்தார்கள்.

இங்கே தமிழ் வாசகர் ஒருவருக்கு மயிர்க்கூச்செறியும் ஒரு விடயம் உண்டு. அந்த ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களையே இட்டிருந்தனர்: அல்ற்றேர், வேகா, றைஜெல், அன்ராரிஸ், ஸ்பைக்கா. பெயர்கள் அந்நியமாகத் தோன்றுகின்றன அல்லவா? அல்ற்றேர் என்பது நமது திருவோணம். ஸ்பைக்கா, சித்திரை. அன்ராரிஸ், கேட்டை. வேகாவை அபிசித்து என்பர் நம் சோதிட நூலார். றைஜெல் மட்டும் நமது இருபத்தேழில் இடம்பெறவில்லை. மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் அதே வேட்டுவன் உருவத்தின் காலடியில் அது ஒளிர்கிறது. பஞ்சாங்கத்தில் நாம் நல்ல நாள் பார்க்கும் மீன்களே இந்து சமுத்திரத்தின் மேல் அந்தக் காகிதப் பையைக் கொண்டு வந்து சேர்த்தன. வல்வெட்டித்துறைத் தண்டயல்மாருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. அவர்களின் “அன்னபூரணி” 1937இல் அத்துறையிலிருந்து புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையை அடைந்ததும் பாய்மரத்தையும் விண்மீனையும் நம்பித்தானே.

1944ஆம் ஆண்டில் லிபறேற்றர் எனும் நான்கு இயந்திரத் தரை விமானங்கள் இந்த வழியிற் புகுந்தன. அவை கொக்கலை வாவியை விடுத்து இரத்மலானையில் இறங்கின. நேரம் ஏறத்தாழ பதினேழு மணித்தியாலமாகக் குறைந்தது. இரண்டாவது சூரியோதயம் மறைந்தது. குவாண்டாஸ் விமானங்களில் இன்று நாம் காணும் கங்காரு முத்திரை முதன்முதல் தீட்டப்பட்டதும் இந்த இலங்கை வழியிற் பறந்த லிபறேற்றரிலேதான் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

கற்றலினாச் சேவை 1945 ஜூலை 18இல் முடிந்தது. மொத்தம் 271 தடவை அவை சமுத்திரத்தைக் கடந்தன. பெருக்கிப் பார்த்தால் ஒன்பதரை இலட்சம் மைல். ஒரு விமானமும் தொலையவில்லை, ஒரு பயணியும் இறக்கவில்லை.

இவ்வளவும் வீரர்களின் கதை. பேர்த்தில் இதைச் சொன்னால் இத்தோடு முடித்துக்கொள்வார்கள். நான் கொக்கலையின் பக்கம் நின்று சொல்கிறேன் ஆதலால் இன்னும் கொஞ்சம் உண்டு.

கொக்கலை வெறும் நீர்ப்பரப்பன்று. அது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர். சிங்கள நவீன நாவலுக்கு முதுகெலும்பு தந்த அவர் 1890இல் அங்கு பிறந்தார். தாம் வளர்ந்த அந்தக் கிராமத்தைப் பற்றி “அபே கம”, அதாவது “எங்கள் கிராமம்”, என்ற நூலை 1940இல் வெளியிட்டார். வாவியும் கடலும் தென்னந்தோப்புகளும் அந்த மனிதரின் பேச்சும் நடத்தையும் அதில் உள்ளன. நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1942இல், விமானத் தளத்துக்காக அந்தக் கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவகாசம் மிகக் குறுகியது. வீடுகள் இடிந்தன, மரங்கள் வெட்டப்பட்டன. எழுத்தாளர் பிறந்த வீடு தப்பியது. சூழ இருந்த ஊர் தப்பவில்லை.

1944இல், கற்றலினாக்கள் கொக்கலை வாவியிலிருந்து எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், விக்கிரமசிங்கவின் “கம்பெரலிய” வெளிவந்தது. தென்னிலங்கைக் கிராமத்தின் பழைய பெருங்குடும்பமொன்று நொடிந்து, வணிகத்தால் எழுந்த புதியவர்களுக்கு இடம்விடுவதைச் சொல்லும் நாவல் அது. “கிராமப் பிறழ்வு” என்று தமிழில் அறியப்பட்டது. அதற்குள் விமானமும் இல்லை, போரும் இல்லை. அது சொல்லும் மாற்றம் தலைமுறை கடந்து மெல்ல நிகழ்வது, பணம் செய்வது. ஆயினும் அந்த நாவலின் தலைப்பை வாசிக்கும்போதெல்லாம், அது அச்சேறிய வேளையில் அதன் ஊர் உண்மையாகவே புரட்டப்பட்டுக் கிடந்தது என்ற நினைவு எனக்கு வராமற் போவதில்லை. விமர்சகர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. நாவலுக்கு வெளியே உள்ள செய்தி என்று ஒதுக்கியிருக்கலாம். அவ்வாறு ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. கிராமத்தை நினைவிலிருந்து மீட்டெழுதும் ஒருவனுக்கு, மீண்டு போய்ப் பார்க்க அந்தக் கிராமம் இல்லை என்பது சிறிய செய்தியா?

விமானத் தளத்தின் பொருட்டு ஊர் விடுவது என்றால் என்ன என்பதைப் பலாலியைச் சூழ்ந்த ஊர்களில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பலாலித் தளமும் அதே போர்க்காலத்தில் அமைந்ததே. 1990இல் வெளியேறியவர்களுட் பலர், தங்கள் வளவின் கிணற்றடியிலிருந்து இரண்டு கட்டை தூரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். இரண்டு கட்டையை எந்த விமானத்தில் ஏறிக் கடப்பது? 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து பயணிகள் வந்திறங்கியபோது, சென்னை யாழ்ப்பாணத்துக்கு ஒன்றரை மணித்தியாலத் தொலைவாயிற்று. அவ்வேளையில் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களும் அந்தச் சுற்றாடலில் இருந்தனர்.

கதையின் மறுகரைக்கும் ஒருமுறை போய் வருவோம். 2018 மார்ச் மாதம் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடையில் இறங்காத பயணிகள் விமானச் சேவையைக் குவாண்டாஸ் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர், நேரம் பதினேழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. அதாவது, கொக்கலைக்கு இருந்ததிலும் இரண்டரை மடங்குத் தூரத்தை அந்தக் கற்றலினா எடுத்த நேரத்தின் பாதியை அடுத்த நேரத்திற் கடக்கிறார்கள். 2019இல் நியூயோர்க்கிலிருந்து சிட்னிக்குப் பறந்த பரீட்சார்த்த விமானம் 19 மணித்தியாலமும் 16 நிமிடமும் எடுத்தது. சிட்னியிலிருந்து இலண்டனுக்கு நேரே பறக்கும் தமது திட்டத்துக்கு அந்நிறுவனம் சூரியோதயத் திட்டம் என்றே பெயரிட்டிருக்கிறது. கொக்கலைப் பயணங்களின் நினைவாக. இவ்வளவு இருந்தும், பயணிகளை ஏற்றிய ஒழுங்கான சேவைகளுள் ஆகக் கூடிய நேரம் இடைவிடாது ஆகாயத்தில் நின்ற சாதனை அந்த முப்பத்திரண்டு மணித்தியாலம் ஒன்பது நிமிடத்துக்கே உரியது. இது சற்று வேடிக்கையான சாதனைதான். வேகத்தால் வந்த பெருமையன்று, வேகம் இன்மையால் வந்தது.

அந்த ஐந்து விமானங்களும் இன்று எந்த நூதனசாலையிலும் இல்லை. அமெரிக்காவிடம் கடன்–குத்தகை ஒப்பந்தத்திற் பெறப்பட்டவை ஆகையால், போர் முடிந்தபின் அவற்றைப் பயன்படுத்தக் கூடாதென்பது நிபந்தனை. அவுஸ்திரேலியக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். திருவோணமும் சித்திரையும் கேட்டையும் நீருக்கடியிற் போயின.

கொக்கலையில் விக்கிரமசிங்கவின் வீடு நிற்கிறது. 1976இல் அவர் காலமானார். 1981இல் அந்த வளவில் அவர் பெயரால் நாட்டார் அரும்பொருட் காட்சியகம் திறக்கப்பட்டது. காலியிலிருந்து மாத்தறை வீதியில் பேருந்தில் சென்றால் பன்னிரண்டு கிலோமீற்றரளவில் இறங்கலாம். கலப்பையும் மீன்பிடிக் கூடைகளும் மரச்சாமான்களும் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன, ஒரு கிராமத்தில் எவையெவை இருந்தன என்று காட்டுவதற்காக.